பாலம் எண் 63

பாலத்தின் மேல் போகிறவருக்குப் பாலம் தெரியாது.
லேசாக ஒரு சத்தம் மாறும், அவ்வளவுதான்.
மண்மேல் ஓடியது
உள்ளே காலியான ஒன்றின் மேல் ஓடி
எண்ணி மூன்று நொடியில் மண்ணுக்குத் திரும்பிவிடும்.
பார்க்க வேண்டுமென்றால் ஓடைக்குள் இறங்க வேண்டும்.

இறங்கினேன், டேப்பும் சாக்பீஸும் டார்ச்சுமாக.
உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம், சாத்தங்கரை ஓடை.
மீட்டர் கேஜ் நின்று ஆறு வருஷம்.
பத்தடி தள்ளி, அகலப்பாதைக்கு
சதுரம் சதுரமாய்க் கான்கிரீட் பெட்டி இறக்கியாயிற்று.
என் வேலை, பழையதை அளந்து
உடைக்க எவ்வளவு ஆகும் என்று எழுதுவது.

"பாம்பு கெடக்கும் மேடம்" என்றதோடு
கீமேன் ஒச்சுக்காளையின் பங்கு முடிந்தது.
மேலே உட்கார்ந்து
லோன்காரனோடு போனில் சண்டை பிடித்தார்.

உள்ளே வௌவால் நெடி. ஆட்டுப் புழுக்கை.
சுவரில் கரித்துண்டால் யாரோ போட்ட கூட்டல் கணக்கு,
விடை தப்பு.
டார்ச்சைத் தூக்கினேன்.
செங்கல் வரிசை நேராக இல்லை.

சரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.
'விரிசல்' கட்டத்தில் பேனாவே வைத்துவிட்டேன்.
பிறகு கையால் தடவிப் பார்த்தால்
சரியவில்லை,
சாய்த்து வைத்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு வரியும் அடிச்சுவரில் தொடங்கி
முறுக்கிய கயிற்றின் புரி மாதிரி
உச்சியைக் குறுக்காகத் தாண்டி
எதிர்ச்சுவரில் வேறெங்கோ இறங்குகிறது.

ஓடை கோணலாக வருகிறது, அதனால்.
வடமேற்கே கரட்டிலிருந்து
அதற்குத் தோன்றிய வழியில் வந்து
பாதையை முப்பத்தெட்டு டிகிரியில் வெட்டுகிறது.
ஓடையைத் திருப்பியிருக்கலாம்.
மண்வெட்டி இருந்தது, ஆள் இருந்தது,
சவுக்கும் இருந்திருக்கும்.
ஆனால் யாரோ ஒருவன்
மரச்சாரத்தின் முதுகில் நூல் பிடித்துக் கோடு கிழித்து
தண்ணீர் வரும் பக்கத்துக்குச் செங்கலைத் திருப்பிவிட்டான்.
பெயர் இல்லை.
முகப்புக் கல்லில் வருஷம் மட்டும் உண்டு,
அதிலும் கடைசி எண் உதிர்ந்துபோய்.

சாந்தில் கடுக்காய் என்றது ஊர்.
சுண்ணாம்பு, மணல் என்றது ஆய்வகம்.
தோள் உயரத்தில் ஒரு செங்கலில்
குண்டூசித் தலை அளவில் ஏழு பள்ளங்கள்.
சூளைக்குப் போகுமுன் தூறியிருக்கிறது.
எந்த வருஷத்து மழையோ, ஏழே துளி.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

'பாரம்பரியச் சின்னமா? ஆம் / இல்லை.'
ஆம் என்றால் பதினொரு கையெழுத்து, சென்னைக்கு மூன்று நகல்,
திரும்பி வருவதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன்.
இல்லை என்று டிக் போட்டேன்.
போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்
உடைப்புச் செலவில் கருங்கல்லை ஒருமுறை கூட்டினேன்,
மறுபடியும் கூட்டினேன்.
இயந்திரம் ஓடைக்குள் இறங்கத் தனிப் பாதை,
மழைக்காலத் தாமதம்,
வௌவாலுக்காக வனத்துறை அனுமதி,
பழைய செங்கலின் விற்பனை மதிப்பு சுழியம்.
என் கூட்டலும் கரித்துண்டுக்காரர் கூட்டல்தான்.
தப்பு. மேல்நோக்கித் தப்பு.

கோப்பு போயிற்று, வந்தது.
'செலவு மிகை. உள்ளது உள்ளபடி விடுக.'
ஜே.சி.பி.யோடு இரண்டு நாள் காத்துக் கிடந்த
கருமாத்தூர் அற்புதசாமி
என் வேலையைத் திட்டி, டீசல் காசு கேட்டார்.
கைக்காசில் கொடுத்தேன்.

காப்பாற்றினேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
கருவேலத்தின் வேர்
மூன்றாம் வளையத்துக்குள் போய்விட்டது.
அதற்கு என் எஸ்டிமேட் தெரியாது.

நாலைந்து வருஷம் கழித்து ஓர் ஐப்பசியில்
வேறு வேலையாகப் போனவள் வண்டியை நிறுத்தினேன்.
கரட்டுத் தண்ணீர், செம்மண் நிறம்.
பழைய வளைவுக்குள் சத்தமே இல்லாமல் நுழைந்து
வெளியே வந்து
புதுப் பெட்டியின் நேரான வாயில் முட்டி
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
நுரை கட்டிச் சுழன்றது.

மேலே போடி வண்டி போயிற்று.
இப்போது சத்தம் மாறுவதில்லை.
ஜன்னலிலிருந்து ஒருவர் வாழைப்பழத் தோலை எறிந்தார்.
அது அந்தச் சுழலில்
இரண்டு சுற்று, மூன்று சுற்று,
நான் கிளம்பும்போதும்
அங்கேதான் இருந்தது.